கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்

டோல்கேட்டின் கடைசி பூத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டுத்தான் போன வாரம் வந்தோம். வாராவாரம் படிக்கிறவர்களுக்குக் கதை தெரியும். புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சாலை வாரியத்தில் முன்பெல்லாம் கேட்க ஆள் கிடையாது. மச்சான் வண்டி, மாமனார் வண்டி, மாமனாரோடு சீட்டாடுகிறவர் வண்டி எல்லாம் கடைசி வழியில் காசில்லாமல் போகும். குழி அடைக்கிற வேலை மைத்துனருக்கு, கோடு போடுகிற வேலை மைத்துனரின் மைத்துனருக்கு. ஜனங்கள் கொதித்துப்போய்க் கத்தினார்கள். புது விதி வந்தது. காசு வாங்காமல் ஒரு வண்டிக்கு வழிமறிக்கும் கட்டையைத் தூக்கினால், தூக்கியவர் மைக்கில் தன் பேரைச் சொல்ல வேண்டும். வண்டியில் இருப்பது யார், எதற்குப் போகிறார் என்றும் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் அது விழ வேண்டும். வாரியத் தலைவர் வாரம் ஒரு தரம் முழுச் சாலையையும் தன் கண்ணாலேயே பார்த்துவர வேண்டும். வெள்ளிக்கிழமையானால் கேள்விக் குழு உட்காரும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

நல்ல விதிதான். எழுதுகிறவர்கள் எப்போதும் நல்லபடியாகத்தான் எழுதுகிறார்கள். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த விதிப்படி, தலைவரின் கார் வரும்போதெல்லாம் மைக்கைப் பிடித்துத் தன் பேரோடு சொன்னவள் அவள். “கட்டை தூக்குவது நான். வண்டியில் வாரியத் தலைவர். சாலையைப் பார்வையிடப் போகிறார்.” சொல்லிவிட்டு எழுந்து நின்று ஒரு வணக்கம் வைப்பாள். காரின் கண்ணாடி கறுப்பு. உள்ளே தோள் மட்டும் மங்கலாகத் தெரியும். தலைவர் தூங்குவார், தட்டாதே என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தான் அவள் புருஷன். டோல்கேட்டின் இன்சார்ஜ் அவன்தான். காரை ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன். ஒரே வீடு, ஒரே சாலை.

மலை வளைவில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கியதும் போன வாரம்தான். இரும்புத் தடுப்பு முன்னமே பெயர்ந்து கிடந்தது என்கிறாள் லாரியின் சொந்தக்காரி. “நான்தான் வாராவாரம் போய்ப் பார்க்கிறேனே, தடுப்பு ஜம்மென்று நின்றது, லாரி மோதித்தான் பெயர்ந்தது” என்கிறார் தலைவர். அவர் போனதற்குச் சாட்சி? டோல்கேட் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியில் யார் குரல்? அவள் குரல்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

விடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரு கனவு வந்தது. கறுப்பு கார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பின்கதவு தானாகத் திறக்கிறது. யாரும் இறங்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் “வாங்க, வாங்க” என்று வெறும் காற்றை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்கள். நாற்காலி மெல்ல அழுந்துகிறது. அவள் மட்டும் கையில் டீயை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறாள்.

கண் விழித்தபோது ஜன்னல் முழுக்கப் பனி. வீடு டோல்கேட்டுக்குப் பின்னாலேயே, ஒரு காலி மைதானம் தாண்டி. பனிக்குள்ளிருந்து ஒலிபெருக்கியின் குரல் மட்டும் மிதந்து வந்தது. “கட்டை தூக்குவது நான்... ஆம்புலன்ஸ்... நோயாளியோடு போகிறது...” யாரோ தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

படீரென்று ஜன்னல் சாத்துகிற சத்தம். மாமனார்.

அவர் அந்தக் காலத்தில் ரோடு ரோலர் ஓட்டியவர். ஊருக்கே ரோலர்காரர். ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தால் அவர் கை தானாக ஜன்னலுக்குப் போகும்.

“ஏன் மாமா, காத்து வரட்டுமே.”

“காத்து வரட்டும். பொய் எதுக்கும்மா கூட வரணும்?”

“ஆம்புலன்ஸ் போகுதுன்னுதானே சொன்னாங்க?”

“உள்ள நோயாளி இருந்தானா, வெங்காயம் இருந்துச்சா? நீ பார்த்தியா?” என்றார். “மைக்கைக் கண்டுபிடிச்சதே பொய் தூரமாப் போகணும்னுதான்.”

அவள் பீரோவைத் திறந்து துணிகளைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள்.

“என் ஹேங்கரை யாராவது பார்த்தீங்களா? கட்டை ஹேங்கர். ரெண்டு முனையிலும் சிவப்பு நூல் சுத்தி வச்சிருப்பேனே. நல்ல துணி வழுக்கி வழுக்கி விழுதுன்னு நானே உட்கார்ந்து சுத்தினது.”

“சின்னவனைக் கேளு. இந்த வீட்டுல காணாமப் போறதெல்லாம் அவன் வண்டியிலதான் போய்ச் சேருது” என்றார் மாமனார்.

சின்னவன் இருட்டோடேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான். பெரியவன், அவள் புருஷன், கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டான். அவிழ்த்தான். மறுபடி போட்டான்.

“ஒரு ஹேங்கருக்கு இவ்வளவு தேடலா?” என்றான்.

“ஹேங்கருக்கு இல்லைங்க. சாயங்காலம் கேள்விக் குழுவுல அத்தனை பேர் முன்னாடி போய் நிக்கணும். கசங்காம ஒண்ணு போட்டுட்டுப் போகலாம்னு பார்த்தேன்.”

“அங்க உன் துணியை யாரும் பார்க்கப் போறதில்லை. தலைவர் போனாரா, போனார். பார்த்தியா, பார்த்தேன். ரெண்டே வார்த்தை. சொல்லிட்டு வந்துடு.”

“பார்த்தேன்னு எப்படிங்க சொல்றது? தோளைத்தானே பார்த்தேன்?”

“தோள் தனியாவா வரும்?” என்று சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு சமையலறை வரைக்கும் போய்விட்டு ஆளில்லாமல் திரும்பி வந்தது.

*

நடுப்பகல் வந்தும் பனி கலையவில்லை.

அப்படிப்பட்ட நாளில் டோல்கேட்டில் உட்கார்ந்திருப்பது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான். வண்டி வருவது தெரியாது. முதலில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் பனியில் பூக்கும். அப்புறம் ஒரு கை நீளும். கைக்குப் பின்னால் முகம் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகமாக இருக்கும். காசை வாங்கிச் சீட்டைக் கொடுத்தால் கட்டை எழும்பும், இறங்கும். பக்கத்து வழிகளிலும் கட்டைகள் எழும்பி இறங்கின, உறங்குகிறவனின் நெஞ்சு மாதிரி.

கனவில் வந்த நாற்காலி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. யார் பாரத்தில் அது அழுந்தியது?

லாரி டிரைவரை அவளுக்குத் தெரியும். பேர் தெரியாது, கை தெரியும். சுண்டு விரலில் நகம் இல்லாத கை. சீட்டை வாங்கும்போது “தூங்காதீங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டான். இப்போது அவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறான். தடுப்பை இடித்தவன் என்று முடிவானால் இனி அவன் கையில் ஸ்டீயரிங்கை யார் கொடுப்பார்கள்? தூங்கி ஓட்டினான் என்றுகூடச் சொல்வார்கள். தூங்காதீங்க என்று ஊருக்கெல்லாம் சொன்னவனை.

பனியில் இரண்டு வெளிச்சம் பூத்தது. சத்தமில்லாத வண்டி. தலைவரின் கார்.

அவள் கை மைக்குக்குப் போனது. பழகிய கை. வாயில்கூட வார்த்தை வந்துவிட்டது. கட்டை தூக்குவது நான்.

கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

முன்கண்ணாடி இறங்கியது. சின்னவன் தலையை நீட்டினான். “என்ன அண்ணி, கண்ணு சொக்கிடுச்சா? தூக்குங்க.”

“பின்கண்ணாடியை இறக்கு தம்பி.”

“சார் தூங்குறாரு.”

“எழுப்பு.”

“விளையாடாதீங்க அண்ணி. பின்னாடி வண்டி நிக்குது.”

“நிக்கட்டும். அவங்களும் பார்க்கட்டும். தலைவரை நேர்ல பார்க்க ஜனங்களுக்கு ஆசை இருக்காதா?”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. “அண்ணி, உங்க கால்ல விழுறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்...”

அவள் பூத்தின் கதவைத் திறந்து கீழே இறங்கினாள். அத்தனை நாளில் ஒரு தரம்கூட அவள் இறங்கி அந்தக் காரின் பக்கத்தில் போனதில்லை. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகமே மங்கலாக எதிரே வந்தது. முகத்துக்குப் பின்னால் தோள் தெரிந்தது. அவள் தட்டினாள். தோள் அசையவில்லை.

கண்ணாடி மெதுவாக, மனசில்லாமல் இறங்கியது.

உள்ளே ஒரு கோட்டு இருந்தது.

சாம்பல் நிறக் கோட்டு. பழுப்புப் பொத்தான். மேலே கைப்பிடியில் ஹேங்கரோடு மாட்டி, காற்றில் ஆடாமல் இருக்க சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து இல்லை. காலருக்குள் இரண்டு தோள் முனையிலும் கொஞ்சம் சிவப்பு நூல் தெரிந்தது.

அவள் அப்படியே நின்றாள். பயம் வரவில்லை. கோபமும் உடனே வரவில்லை. தான் எழுந்து நின்று வணக்கம் வைத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு நாள் இருமல் இருந்தபோது இருமலை அடக்கிக்கொண்டு வணக்கம் வைத்தாள். ஒரு நாள் மழையில் பூத் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வைத்தாள். அத்தனையும் இந்தக் கோட்டுக்கு.

“இது என் ஹேங்கர்” என்றாள்.

என்ன கேட்பது என்று தெரியாதபோது வாயில் அதுதான் வந்தது.

சின்னவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். “ரூல்ல போட்டுட்டாங்க, வாரம் ஒரு தடவை போகணும்னு. அவருக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? வண்டி போய் வந்தாப் போதும், கேட்ல எல்லாரும் பார்த்தாப் போதும்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

அவன் ஹாரன் பொத்தானை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“கேக்குறேன்ல, தம்பி?”

“அது மட்டும் கேக்காதீங்க அண்ணி.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “முதல்ல சிரிப்பா இருந்துச்சு. கோட்டை வச்சு ஓட்டுறோமேன்னு. அப்புறம் பழகிடுச்சு. தனியாப் போறப்ப அதுகிட்டயே பேச ஆரம்பிச்சேன். சார், ஏசி போதுமா? சார், பாட்டுப் போடட்டுமா? ஒரு நாள் பதில் வர்ற மாதிரிகூட இருந்துச்சு.”

“வளைவுல அந்தத் தடுப்பு?”

“அது ரொம்ப நாளாவே பெயர்ந்துதான் கிடந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா நீ?”

“சொன்னேனே” என்றான். “கோட்டுகிட்டதான் சொன்னேன். சார், தடுப்பு விழுந்து கிடக்கு, யாராச்சும் உள்ள போயிடுவாங்கன்னு.”

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பனிக்குள் அது எங்கோ தூரத்து ஊரில் அடிப்பது போல் கேட்டது.

அவள் கையை உள்ளே விட்டு பெல்ட்டை அவிழ்த்தாள். ஹேங்கரை உருவிக்கொண்டாள். தலைவர் மடிந்து சீட்டில் சரிந்தார்.

“காசைக் கட்டு” என்றாள்.

“என்னது?”

“உள்ள தலைவர் இல்லை. தலைவர் இல்லாத வண்டி காசு கட்டித்தான் போகணும். எடு.”

அவன் பையைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தான். அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கட்டை எழும்பியது. ஒலிபெருக்கி ஒன்றும் பேசவில்லை.

போகிற காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் வேலை போச்சு என்று நினைத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றிய பிள்ளை. சாயங்காலம் உண்மையைச் சொன்னால் இவன் நடுத்தெருவில். சொல்லாவிட்டால் நகமில்லாத விரல்காரன் நடுத்தெருவில். யார் தெருவுக்கு என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். இதற்குத்தான் விதி போட்டார்களா?

*

குழு உட்காருகிற இடம் டோல்கேட் ஆபீசின் மாடி. நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசையில் ஒரு மைக். அதில் பேசுவது கீழே நிற்கிற எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதும் விதி. அறையின் கடைசி ஜன்னலில் நின்றால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு தெரியும்.

படியில் பெரியவன் காத்திருந்தான்.

“காசு கட்ட வச்சியாமே?”

“ஆமா.”

“பைத்தியமா உனக்கு?” குரலைத் தாழ்த்தினான். “சரி, அது போகட்டும். அங்க போய் ரெண்டே வார்த்தை. போனார், பார்த்தேன். சின்னவனை நினைச்சுப் பாரு. அவன் சோத்துல மண்ணைப் போட்டுடாத.”

“லாரிக்காரன் சோறு?”

“அவனுக்கு வேற வேலை கிடைக்கும்.”

“கால்?”

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு மேலே ஏறினாள். பைக்குள் எதுவோ விலாவில் குத்தியது.

குழுவின் நடுவில் டீச்சரம்மா. ரிட்டயர் ஆன பிறகும் வகுப்பு முடியாத மாதிரியே உட்கார்ந்திருப்பவர். எதிரே முதல் வரிசையில் லாரிக்காரம்மா, கையைக் கட்டிக்கொண்டு. பக்கவாட்டில் தலைவர். சாம்பல் கோட்டுக்குள் இப்போது கழுத்து இருந்தது, கழுத்துக்கு மேல் சிரித்த முகம் இருந்தது. அவளுக்கு அந்த முகம்தான் புதிதாக இருந்தது. கோட்டு பழகிய கோட்டு. உள்ளே ஆள் இருப்பதுதான் கனவு மாதிரி இருந்தது.

“வாராவாரம் போறேன்” என்றார் தலைவர். “பனி, மழை பார்க்கிறதில்லை. இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவேன். அந்த வளைவுல இறங்கி நின்னு பார்த்திருக்கேன். தடுப்பு நல்லா இருந்தது.”

“எந்தப் பக்கம் இறங்கினீங்க?” என்றாள் லாரிக்காரம்மா.

“ரோட்டோரமாத்தான்.”

“அங்க ரோட்டோரமே கிடையாதுங்க. எல்லாம் பள்ளம்தான். அங்க இறங்கினவன் என் டிரைவர் ஒருத்தன்தான்.”

அறை குலுங்கிச் சிரித்தது. டீச்சரம்மா மேசையைத் தட்டினார். “கேட்ல இருக்கிற அம்மா வாங்க. பேரைச் சொல்லுங்க.”

அவள் மைக்கின் முன்னால் வந்து பேரைச் சொன்னாள்.

“கார் ஓட்டுறவர் உங்களுக்குச் சொந்தமா?”

“கொழுந்தனுங்க.”

“இங்க இன்சார்ஜ்?”

“வீட்டுக்காரருங்க.”

“குடும்பத்துல வேற யாராவது பாக்கி இருக்காங்களா?”

“மாமனார் இருக்காருங்க. அவருக்கு மைக்கே பிடிக்காது.”

மறுபடி சிரிப்பு. டீச்சரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். “சரி. கேள்வி ஒண்ணுதான். வாராவாரம் தலைவர் இந்தக் கேட்டைத் தாண்டிப் போனார்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. பார்த்துத்தான் சொன்னீங்களா?”

அறை அடங்கியது. வாசல் ஓரம் கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னவன் நின்றான். அவன் கண் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கண்ணாடியைத் தட்டாம, உள்ள யாருன்னு பார்க்காம மைக்ல சொன்னேங்க” என்றாள். “அது என் தப்பு. எழுதிக்கோங்க. இன்னிக்குத்தான் இறங்கிப் பார்த்தேன்.”

பையைத் திறந்தாள். ஹேங்கரை எடுத்து மேசையின் மேல் வைத்தாள். கட்டையில் சுற்றிய சிவப்பு நூல் எல்லாருக்கும் தெரிந்தது.

“என்ன இது?” என்றார் டீச்சரம்மா.

“நான் வாராவாரம் வணக்கம் வச்ச தலைவர் இதுதாங்க. மேல அந்தக் கோட்டு. சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தாரு.”

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஹேங்கரிலிருந்து மெல்ல நகர்ந்து தலைவரின் தோளுக்குப் போனது. தலைவரின் கையும் தன்னை அறியாமல் தோளைத் தடவிப் பார்த்தது. அந்தத் தடவலில்தான் சிரிப்பு வெடித்தது. கீழே வண்டிகளில் இருந்தவர்களும் சிரிப்பது கேட்டது. லாரிக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“இது அபாண்டம்!” என்று தலைவர் எழுந்தார். “டிரைவர் ஏதோ விளையாட்டுப் பண்ணியிருக்கான். எனக்கு ஒண்ணும் தெரியாது. அவனைத்தான் விசாரிக்கணும்.”

அவளுக்குத் தெரிந்ததுதான். மேலே பற்றின தீ கீழேதான் வந்து விழும். இனி எல்லாம் சின்னவன் தலையில்.

“தம்பி, வாங்க” என்றார் டீச்சரம்மா. “வண்டியில கோட்டை மாட்டி ஓட்டினது உண்மையா?”

“உண்மைதாங்க. வளைவுல தடுப்பு லாரிக்கு முன்னாடியே விழுந்து கிடந்ததும் உண்மை.”

லாரிக்காரம்மா கையை முகத்திலிருந்து எடுத்தாள். கேட்க வந்தது கிடைத்துவிட்டது. இருந்தாலும் அவள் எழுந்து போகவில்லை.

“மாட்டச் சொன்னது யாரு? தலைவரா?”

“தலைவர் என்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லைங்க. கோட்டும் ஹேங்கரும் காலையில வண்டியில தயாரா இருக்கும்.”

“அப்ப ஹேங்கர் யாருது?”

“எங்க வீட்டுதுங்க” என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ ஒன்று நழுவியது. தயாராக இருக்கும் என்றால்? சின்னவன் எடுக்கவில்லையா?

“வண்டியில வச்சது யாரு தம்பி?”

சின்னவனின் கண் போயிற்று. தலைவரைத் தாண்டி, டீச்சரம்மாவைத் தாண்டி, அண்ணியைத் தாண்டி, கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றவன் மேல் போய் நின்றது.

அவளும் திரும்பினாள்.

பெரியவனின் சட்டையில் மேல் பொத்தான் இன்னும் மாறித்தான் கிடந்தது. காலையில் கண்ணாடி முன்னால் அவன் கை தடுமாறியது, தோள் தனியாவா வரும் என்று சிரித்தது, படியில் தம்பியின் சோற்றுக்காக அவன் அழாத குறையாகக் கேட்டது, எல்லாம் பனியிலிருந்து வண்டி வெளியே வருவது போல் ஒவ்வொன்றாக அவளுக்கு முன்னால் வந்து நின்றது. எந்த வண்டியையும் மறிக்க அவளிடம் கட்டை இல்லை.

ஒருவரும் கூப்பிடவில்லை. அவனே சுவரைவிட்டு வந்தான். தம்பியின் தோளை ஒரு தரம் தொட்டு ஒதுக்கினான். அவள் பக்கம் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஹேங்கரைப் பார்த்தான். நூல் ஒரு முனையில் அவிழ்ந்திருந்தது. அதை விரலால் சுற்றிச் சரிசெய்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

“பேரைச் சொல்லுங்க” என்றார் டீச்சரம்மா.

சொன்னான்.

“உங்களுக்குச் சொன்னது யாரு?”

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

அவளால் அந்த இரண்டு முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடைசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனி விலகிக்கொண்டிருந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் மாமனார் தெரிந்தார். கை கதவின் மேல் இருந்தது. ஒலிபெருக்கியில் மூத்த மகன் தொண்டையைக் கனைப்பது மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். இப்போது சாத்துவார் என்று அவள் காத்திருந்தாள்.

கிழவர் சாத்தவில்லை. பாதி சாத்தியிருந்த இன்னொரு கதவையும் கையால் தள்ளித் திறந்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.